கேட்டவர்களுக்கு மட்டும்: அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லும் காப்பீடு இல்லாத நோயாளியும்

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டை விற்றுத்தான் வெளியே வர வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பில் தொகையைப் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பணம் கட்ட முடியாத நோயாளிக்கு இலவசமாகவோ சலுகை விலையிலோ சிகிச்சை தர வேண்டும் என்று அந்த நாட்டில் 1946லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கும் முன்பே ஏழைகளுக்கென்று எழுதி வைக்கப்பட்ட தர்ம நிதிகள் பல மருத்துவமனைகளில் இருந்தன.

இவ்வளவும் இருக்க, ஏழைகள் ஏன் கடனில் மூழ்கினார்கள்? விடை மிகவும் சாதாரணமானது. உதவி இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பார்களே, அதே கதைதான். பால் இருப்பதே தெரியாத பிள்ளை எப்படி அழும்? நோயாளியிடம் அதைச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு என்ற ஒரே கேள்விக்காக அங்கே அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது.

நம்மூரில் பெரியவர்கள் அரசு மருத்துவமனையைத் 'தர்மாஸ்பத்திரி' என்பார்கள். அமெரிக்காவிலும் மருத்துவமனைகள் தர்மாஸ்பத்திரிகளாகத்தான் தொடங்கின. 1751ல் டாக்டர் தாமஸ் பாண்டும் பெஞ்சமின் பிராங்க்ளினும் சேர்ந்து பிலடெல்பியாவில் ஆரம்பித்த பென்சில்வேனியா மருத்துவமனை நோயுற்ற ஏழைகளுக்கானது. வசதியுள்ளவர்கள் வீட்டுக்கே டாக்டரை வரவழைத்துக் கொள்வார்கள். மயக்க மருந்து, கிருமி நீக்கம், எக்ஸ்ரே எல்லாம் வந்த பிறகுதான் பணக்காரர்களும் மருத்துவமனைப் படியேறினார்கள். அவர்களோடு பில்லும் வந்தது. தர்மம் முழுவதும் மறைந்துவிடவில்லை. செல்வந்தர்கள் 'இலவசப் படுக்கை' என்று ஒரு தொகையை எழுதி வைப்பார்கள். அதன் வட்டியில் ஏழை நோயாளிக்குச் சிகிச்சை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தப் படுக்கைகள் இந்தக் கதையில் பிறகு ஒரு முக்கியமான இடத்தில் வரும்.

இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடே கட்டப்படாத பில்லிலிருந்துதான் பிறந்தது என்பது சுவாரசியமான செய்தி. 1929ல் டல்லஸ் நகரில் பெய்லர் மருத்துவமனையின் நிர்வாகத்தைக் கவனித்த ஜஸ்டின் கிம்பல், அதற்கு முன்பு அந்த ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். வராத பாக்கிக் கணக்கைப் புரட்டினால் நிறைய ஆசிரியர்களின் பெயர்கள். மாதம் 50 சென்ட் கட்டினால் 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம் என்று ஒரு திட்டம் போட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். பின்னாளில் 'ப்ளூ கிராஸ்' ஆக வளர்ந்தது இதுதான். இரண்டாம் உலகப் போரின்போது சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆட்களை இழுக்க நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதில் காப்பீடு கொடுத்தன. 1954ல் வரிச் சட்டமும் இதை உறுதி செய்துவிட்டது. ஆக, காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை இல்லாதவர், கூலிக்காரர், சிறு கடைக்காரர், முதியவர் எல்லோரும் வெளியே.

1945 நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் எல்லோருக்குமான தேசியக் காப்பீட்டைக் கேட்டார். கிடைக்கவில்லை. அவர் கேட்ட பட்டியலில் இருந்த மருத்துவமனை கட்டும் திட்டம் மட்டும் தேறியது. அலபாமாவின் லிஸ்டர் ஹில், ஒஹையோவின் ஹெரால்ட் பர்ட்டன் என்ற இரு செனட்டர்களின் பெயரால் அது ஹில்-பர்ட்டன் சட்டம் எனப்படுகிறது. (ஹில்லின் அப்பா ஒரு சர்ஜன். கிருமிநீக்க முறையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் நினைவாகத்தான் மகனுக்கு அந்தப் பெயர்!) 1946 ஆகஸ்ட் 13ல் ட்ரூமன் கையெழுத்திட்டார். ஆயிரம் பேருக்கு 4.5 படுக்கை என்பது இலக்கு. இந்தச் சட்டத்தின் கீழ் 460 கோடி டாலருக்கு மேல் மானியமாகவும் 150 கோடி டாலர் கடனாகவும் போனது. சுமார் 4,000 ஊர்களில் 6,800 மருத்துவ நிலையங்கள் இந்தப் பணத்தால் பலன் பெற்றன.

பணம் வாங்கும் மருத்துவமனை இரண்டு வாக்குறுதி தர வேண்டும். ஒன்று, அந்தப் பகுதியில் வாழும் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும். இரண்டு, பணம் கட்ட முடியாதவர்களுக்கு 'நியாயமான அளவு' சேவை கொடுக்கப்படும்.

முதல் வாக்குறுதியில் பிறக்கும்போதே ஓட்டை. கறுப்பர்களுக்குத் 'தனி, ஆனால் சமமான' வசதி இருந்தால் போதும் என்று சட்டமே விலக்கு கொடுத்தது. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ நகரின் மோசஸ் கோன் மருத்துவமனை அரசுப் பணம் வாங்கியிருந்தும் கறுப்பர்களை ஒதுக்கியது. ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற பல் மருத்துவரும் மற்ற சில கறுப்பின மருத்துவர்களும் நோயாளிகளும் வழக்குப் போட்டார்கள். 1963ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது. 1964ல் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்ததால் தீர்ப்பு நிலைத்தது.

இரண்டாவது வாக்குறுதியின் கதி இன்னும் மோசம். 'நியாயமான அளவு' என்றால் எவ்வளவு? சட்டம் சொல்லவில்லை. மத்திய அரசு அதை மாநிலங்களிடம் விட்டது. மாநிலங்கள் கட்டடம் எழும்புகிறதா என்று பார்த்தன, ஏழைக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கவில்லை. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு இப்படியே ஓடியது. அரசுப் பணத்தில் கட்டிய வார்டில் படுத்திருந்த ஏழைக்கு, தான் இலவசத்துக்கு உரியவன் என்று தெரியாது. பில் கொடுக்கும் குமாஸ்தாவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1970ல் நியூ ஆர்லியன்ஸில் சில ஏழைகள் ஆக்ஸ்னர் மருத்துவமனை உட்படப் பல மருத்துவமனைகள் மீது வழக்குப் போட்டார்கள். கேள்வி ஒன்றுதான். வாக்குறுதி அரசுக்குக் கொடுக்கப்பட்டது, அதை நிறைவேற்றச் சொல்லி ஏழை கேட்க முடியுமா? முடியும், இந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களே கேட்கலாம் என்றது நீதிமன்றம். அதன்பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1972ல் முதன்முறையாக எண் வைத்து விதி வந்தது. நடைமுறைச் செலவில் 3 சதவீதம், அல்லது வாங்கிய உதவியில் 10 சதவீதம் அளவுக்கு ஆண்டுதோறும் இலவச சேவை. இந்தக் கடமை 20 வருடத்துக்கு.

அப்போதும் அறிவிப்பு விஷயம் பலவீனமாகவே இருந்தது. அதைச் சரிசெய்தது 1979 மே மாதத்து விதிகள். இந்தக் கதையில் உண்மையான திருப்பம் இதுதான். மருத்துவமனை பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும். சேர்க்கை அலுவலகம், பில் கட்டும் இடம், அவசர சிகிச்சைப் பிரிவு ஆகிய இடங்களில் கண்ணில் படும்படி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அதோடு நோயாளி ஒவ்வொருவர் கையிலும் எழுத்தில் ஒரு தாள் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் அளவு குறைந்தால் பின்னால் ஈடுகட்ட வேண்டும்.

மருத்துவமனைகள் சும்மா இருக்கவில்லை. "பணம் வாங்கும்போது இல்லாத நிபந்தனையை நடுவில் புகுத்துகிறார்கள்" என்று அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் கோர்ட்டுக்குப் போய் 1983ல் தோற்றது. 1946ல் கொடுத்த வாக்குறுதியைச் சுவரில் எழுதி வை என்று சொன்னதற்குத்தான் இத்தனை எதிர்ப்பு! இதில் சோகம் என்னவென்றால், பலகை மாட்டப்பட்ட காலத்தில் பழைய மருத்துவமனைகள் பலவற்றுக்கு 20 வருடக் கெடு முடிந்திருந்தது, அல்லது முடியும் தறுவாயில் இருந்தது. 1975க்குப் பிறகு திருத்திய சட்டத்தின் கீழ் பணம் வாங்கியவற்றுக்கு மட்டும் கடமை நிரந்தரமானது. 1997ல் புதிய நிதி நின்றுபோனது. இன்று நாடு முழுக்க இருநூறுக்கும் குறைவான நிலையங்களே இந்தப் பட்டியலில் மிச்சம். அங்கே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் விண்ணப்பிக்கலாம். பில் கடன் வசூல் ஏஜென்சியிடம் போன பிறகும் விண்ணப்பிக்கலாம். ஆனால் டாக்டர் தனியாக அனுப்பும் பில்லுக்கு இது செல்லாது.

இதற்கிடையில் 1965 ஜூலை 30ல் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்டு என்று இரு திட்டங்கள் வந்தன. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் குழந்தையோ ஊனமோ இல்லாத ஏழைப் பெரியவருக்கு மெடிகெய்டு பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் கிடைக்கவே இல்லை. இந்தத் திட்டங்கள் வந்ததையே காரணமாக வைத்து இன்னொரு கதவு சாத்தப்பட்டதுதான் கவனிக்க வேண்டியது. லாப நோக்கமற்ற மருத்துவமனைகளுக்கு வரி கிடையாது. 1956ல் வரித்துறை, வரிவிலக்கு வேண்டுமானால் தன் சக்திக்கு ஏற்ப ஏழைகளுக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று சொல்லியிருந்தது. 1969ல் அதைத் தளர்த்தி, பொதுவாகச் 'சமூகத்துக்குப் பயன்' இருந்தால் போதும் என்றது. அவசர சிகிச்சைப் பிரிவை எல்லோருக்கும் திறந்து வைத்தாலே கிட்டத்தட்டத் தேர்வு பாஸ்! கிழக்கு கென்டக்கியின் ஏழைகள் அமைப்பு ஒன்று இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976ல் நீதிபதிகள், உங்களுக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வரிவிலக்கு மருத்துவமனைக்கும் அரசுக்கும் நடுவில் உள்ள விவகாரமாம்.

1980களில் நிலைமை இன்னும் மோசமானது. காப்பீடு இல்லாத நோயாளியைத் தனியார் மருத்துவமனைகள் ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனை வாசலில் இறக்கின. சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனை டாக்டர்கள் இப்படி வந்த 467 பேரை ஆராய்ந்து 1986ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 87 சதவீதம் பேர் அனுப்பப்பட்டதற்குக் காரணம் போதிய காப்பீடு இல்லாததுதான். எழுத்துப்பூர்வமாக முறையான சம்மதம் தந்தவர்கள் 6 சதவீதம். அதே வருடம் எம்டாலா என்ற சட்டம் வந்தது. அவசரமாக வரும் யாரையும் பரிசோதித்து, நிலைமை சீராகும் வரை சிகிச்சை தர வேண்டும். உயிர்களைக் காத்த சட்டம். ஆனால் பிறகு வரும் பில்லைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அந்த பில்லில் ஒரு விந்தை உண்டு. ஒவ்வொரு மருத்துவமனையிலும் 'சார்ஜ்மாஸ்டர்' என்று ஒரு விலைப்பட்டியல் இருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பேரம் பேசிப் பெரிய தள்ளுபடி வாங்கிவிடும். பேரம் பேச ஆள் இல்லாதவர் காப்பீடு இல்லாதவர்தான். முழு விலையும் அவர் தலையில். 2004ல் பெரும்பாலான காப்பீட்டு நிறுவனங்கள் கட்டியதைப் போல இரண்டரை மடங்கு வரை அவர்களிடம் கேட்கப்பட்டது என்று பொருளாதார அறிஞர் ஜெரார்ட் ஆண்டர்சன் கணக்கிட்டார். கையில் காசு குறைந்தவனுக்கு விலை அதிகம்!

2003ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் லூசெட் லக்னாடோ ஒரு முதியவரின் கதையை எழுதினார். 1980களின் தொடக்கத்தில் அவர் மனைவி யேல்-நியூ ஹேவன் மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். பில் 20,000 டாலருக்கும் குறைவு. மனைவி இறந்துவிட்டார். கணவர் இருபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே வந்தார். கட்டியது பில் தொகையை நெருங்கிவிட்டது. ஆனால் 10 சதவீத வட்டி சேர்ந்து பாக்கி மட்டும் 40,000 டாலர் அளவுக்கு நின்றது. செய்தி வந்து சில வாரங்களில் மருத்துவமனை கடனைத் தள்ளுபடி செய்தது.

முன்பு சொன்ன இலவசப் படுக்கை நிதி இங்கேதான் வருகிறது. அந்த நிதி இருப்பதை நோயாளிகளுக்குச் சரியாகச் சொல்லாமல், அவர்கள் மீதே வசூல் நடவடிக்கை எடுத்ததாகக் குற்றம்சாட்டி கனெக்டிகட் மாநில அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் புளூமென்டால் அதே 2003ல் இதே மருத்துவமனை மீது வழக்குத் தொடர்ந்தார். யாரோ ஒரு புண்ணியவான் ஏழைக்கென்று எழுதி வைத்த பணம் கணக்குப் புத்தகத்தில் இருக்க, ஏழையின் வீட்டுக்கு நோட்டீஸ்!

இப்படிச் செய்திகள் வரவும் மருத்துவமனைகள் ஒரு புதுச் சாக்கு சொல்லின. ஏழைகளுக்கு விலை குறைக்க ஆசைதான், மெடிகேர் விதிகள் விடமாட்டேன் என்கின்றன என்று. 2004 பிப்ரவரியில் சுகாதார அமைச்சர் டாமி தாம்ப்சன் மருத்துவமனைகள் சங்கத்துக்கே கடிதம் எழுதினார். அப்படி எந்தத் தடையும் கிடையாது, தாராளமாகக் குறையுங்கள் என்று. புகையிலை கம்பெனிகளை மண்டியிட வைத்த வக்கீல் ரிச்சர்ட் ஸ்க்ரக்ஸ் அதே வருடம் டஜன் கணக்கில் லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் மீது வழக்குப் போட்டார். பெரும்பாலானவை தள்ளுபடி ஆயின. (இவரே பிற்பாடு ஒரு நீதிபதிக்கு லஞ்சம் கொடுக்க முயன்ற விவகாரத்தில் சிறைக்குப் போனது தனிக்கதை.)

வழக்கில் கிடைக்காதது இல்லினாய் மாநிலத்தில் வரித்துறை வழியாகக் கிடைத்தது. அர்பானா நகரின் புரொவீனா கவனென்ட் மருத்துவமனை ஒரு கத்தோலிக்க நிறுவனம். தர்ம ஸ்தாபனம் என்று சொத்து வரி விலக்கு கேட்டது. 2002ஆம் வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 1,10,000 பேர் சிகிச்சைக்கு வந்ததில் தர்மச் சலுகை பெற்றவர்கள் 302 பேர். அதற்கான செலவு 8,31,724 டாலர். கேட்ட வரிவிலக்கின் மதிப்போ சுமார் 11 லட்சம் டாலர். கொடுத்த தர்மத்தை விட வாங்க நினைத்த சலுகை பெரிது. தர்ம சிகிச்சை உண்டு என்று மருத்துவமனை விளம்பரம் செய்யவில்லை என்பதையும் நீதிமன்றம் குறித்துக்கொண்டது. 2010 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் விலக்கு மறுத்தது சரி என்று தீர்ப்பளித்தது. நாடு முழுக்க மருத்துவமனை நிர்வாகிகளுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

அதே மாதம்தான் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டம் கையெழுத்தானது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு, வரிச் சட்டத்தின் 501(ஆர்). லாப நோக்கமற்ற ஒவ்வொரு மருத்துவமனையும் நிதி உதவித் திட்டத்தை எழுத்தில் வைத்து, ஊரறிய அறிவிக்க வேண்டும். தகுதியுள்ள நோயாளியிடம், காப்பீடு உள்ளவர்களுக்கு வழக்கமாகப் போடும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. நோயாளிக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க முயற்சி எடுக்காமல் கோர்ட், சம்பளப் பிடித்தம் போன்ற கடும் வசூலில் இறங்கக் கூடாது. 2014 டிசம்பரில் வந்த விரிவான விதிகளின்படி முதல் பில்லிலிருந்து 120 நாள் பொறுக்க வேண்டும், நோயாளி விண்ணப்பிக்க 240 நாள் அவகாசம். 1979ல் பலகையாக வந்தது இப்போது வரிவிலக்குக்கே நிபந்தனை ஆனது. ஆனால் எவ்வளவு ஏழையாக இருந்தால் உதவி என்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை. அது அந்தந்த மருத்துவமனையின் இஷ்டம். 'நியாயமான அளவு' திரும்ப வந்துவிட்டது!

பலன்? 2019ல் கைசர் ஹெல்த் நியூஸ் மருத்துவமனைகளின் வரிக் கணக்குகளை ஆராய்ந்தது. தங்கள் சொந்த விதிப்படியே இலவச அல்லது சலுகை சிகிச்சைக்குத் தகுதி பெற்றிருக்கக் கூடியவர்களுக்கு மருத்துவமனைகள் அனுப்பிய பில் 270 கோடி டாலர் என்று அவையே மதிப்பிட்டிருந்தன. காகிதம் இருந்தது. ஆனால் காய்ச்சலிலும் பயத்திலும் இருக்கும் ஒருவர் பல பக்கப் படிவத்தை நிரப்பி, சம்பளச் சீட்டு இணைத்து அனுப்ப வேண்டும்.

கடனையே வாங்கி அழிக்கும் வழியும் வந்தது. பழைய கடன் வசூல்காரர்கள் இருவர், கிரெய்க் ஆன்டிகோவும் ஜெர்ரி ஆஷ்டனும், 2014ல் ஆர்ஐபி மெடிக்கல் டெட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வராக்கடன் சந்தையில் டாலருக்குச் சில சென்ட் என்று விற்கும், அதை நன்கொடைப் பணத்தில் வாங்கி ரத்து செய்வார்கள். 2016ல் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் 60,000 டாலருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் கடனை வாங்கி இவர்கள் மூலம் அழித்துக் காட்டினார். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் 83,401 பேரை வைத்துச் செய்து 2024ல் வெளிவந்த ஆய்வு, கடன் அழிந்தவர்களின் பண நிலையிலோ மனநிலையிலோ சராசரியாகக் குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை என்றது. பெரும்பாலும் பழைய கடன் அது. அந்த பில் செய்ய வேண்டிய சேதத்தை எப்போதோ செய்து முடித்திருந்தது.

எனவே கவனம் பில்லின் தொடக்கத்துக்குத் திரும்பியது. 2024ல் வட கரோலினா அரசு தன் மருத்துவமனைகளிடம் ஒரு பேரம் வைத்தது. மெடிகெய்டு மூலம் கூடுதல் பணம் தருகிறோம், பதிலுக்கு 2014 முதலான ஏழைகளின் பாக்கியை அழியுங்கள். இனிமேல் வறுமைக் கோட்டைப் போல மூன்று மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு 50 முதல் 100 சதவீதம் வரை தள்ளுபடி கொடுங்கள். நோயாளி கேட்கும் வரை காத்திருக்காமல், தகுதி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சேர்த்துவிடுங்கள். சுமார் 20 லட்சம் பேரின் 400 கோடி டாலர் கடன் இதனால் தீரும் என்று அரசு மதிப்பிட்டது. அந்த ஆகஸ்டில் மாநிலத்தின் 99 மருத்துவமனைகளும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டன. ஜார்ஜ் சிம்கின்ஸ் வழக்குப் போட்ட கிரீன்ஸ்பரோவின் மோசஸ் கோன் மருத்துவமனையும் அந்த 99ல் ஒன்று.